தேக்கம் எங்கே? வேலரி டெய்லரின் பணியும் நம் கேள்வியும்

1944. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில், 'உலோகவியல் ஆய்வகம்' என்ற மறைபெயரில் அணுசக்தி ஆய்வு நடந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜே. எர்னஸ்ட் வில்கின்ஸ் என்னும் கறுப்பின இளைஞர். 13 வயதில் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 19 வயதில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் இருந்த குழுவை டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜுக்கு மாற்ற முடிவானது. மற்றவர்கள் போகலாம், வில்கின்ஸ் போக முடியாது. வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்துவைக்கும் சட்டம் அந்த மாநிலத்தில் நடப்பில் இருந்தது. வில்கின்ஸின் அறிவைக் குறைசொல்ல அங்கே யாரும் இல்லை. புகழ்பெற்ற இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லரே அவர் திறமையைப் பாராட்டி, அவரை வேறு பணியில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சக விஞ்ஞானிக்குக் கடிதம் எழுதினார். அவருடைய அறிவு வேண்டும். ஆனால் அவர் அந்த ஊருக்குள் வரக் கூடாது. சேரியில் பிறந்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

போர் முடிந்தபின் 1946-ல், அந்தச் சிகாகோ ஆய்வகத்தின் வாரிசாக ஆர்கான் தேசிய ஆய்வகம் உருவானது. அமெரிக்காவில் 'தேசிய ஆய்வகம்' என்ற பெயரோடு தொடங்கப்பட்ட முதல் ஆய்வகம் அதுதான். இன்று அந்நாட்டு எரிசக்தித் துறையின் கீழ் 17 தேசிய ஆய்வகங்கள் இருக்கின்றன. அணு உலை, புயல் கணிப்பு, புற்றுநோய், புதிய பொருட்கள் என்று பலவற்றையும் அரசுப் பணத்தில் ஆராயும் இடங்கள் இவை. 2017-ல் ஆர்கானின் கணித, கணினி அறிவியல் பிரிவுக்கு இயக்குநராக வந்தவர் ஒரு கறுப்பினப் பெண். அவர் பெயர் வேலரி டெய்லர். செயற்கை நுண்ணறிவை ஒரு நாட்டின் ஆராய்ச்சிக்குள் கொண்டுவரும் வேலையில் முன்வரிசையில் நிற்பவர்களில் ஒருவர்.

அமெரிக்க விஞ்ஞானி ஒருவரைப் பற்றி இந்தப் பகுதியில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1873-ல் 'குலாம்கிரி' நூலை எழுதிய ஜோதிராவ் புலே, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். 1946-ல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய நிலைக்கும் நம்முடைய நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். அவர்கள் வாழ்க்கையைப் படித்து நம் வாழ்க்கைக்குப் பாடம் எடுப்பது நம் முன்னோர் காட்டிய வழி. அந்த வழியில்தான் டெய்லரின் பணியைப் பார்க்கிறோம்.

சிகாகோவிலிருந்து புறப்பட்டவர்

வேலரி டெய்லர் 1963-ல் சிகாகோவில் பிறந்தார். பர்டியூ பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து 1985-ல் இளநிலைப் பட்டமும் 1986-ல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1991-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவரானார். அந்த ஆய்விலிருந்து ஒரு காப்புரிமையும் பெற்றார். பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 11 ஆண்டுகள் ஆசிரியப் பணி. 2003-ல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் கணினித் துறைத் தலைவரானார். அங்கிருந்துதான் ஆர்கானுக்கு வந்தார்.

அவர் கையில் எடுத்த சிக்கல் என்ன? நாட்டின் பெரிய ஆய்வுகள் எல்லாம் மீத்திறன் கணினிகளில் நடக்கின்றன. ஆயிரக்கணக்கான கணினிகளைக் கோத்து ஒரே கணினிபோல் ஓட்டும் அமைப்பு இது. ஆர்கானில் இப்போதுள்ள 'அரோரா' 60,000-க்கும் மேற்பட்ட ஜி.பி.யூ. சில்லுகளைக் கொண்டது, நொடிக்கு ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணிக்கையில் கணக்குகள் போடக்கூடியது. இத்தனை பெரிய எந்திரத்தை வாங்கி நிறுத்திவிட்டால் மட்டும் ஆய்வு வேகமாக நடந்துவிடாது. வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும்போது ஒரு பகுதி முடித்துவிட்டு இன்னொரு பகுதிக்காகச் சும்மா காத்திருக்கும். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தரவு போய்ச் சேரத் தாமதமாகும். மின்சாரம் வீணாகும். நிரல் எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

டெய்லரின் 30 ஆண்டு உழைப்பு இந்தத் தேக்கத்தைப் பற்றியது. நார்த்வெஸ்டர்னில் இருந்தபோது 'புரோஃபஸி' என்ற மென்பொருள் அமைப்பை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். நிரல்கள் ஓடும்போது கிடைக்கும் அளவுகளைச் சேர்த்துவைத்து, இன்னொரு கணினியில் அதே நிரல் எப்படி ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல உதவும் அமைப்பு அது. ஆர்கானுக்கு வந்தபின் அந்த வேலையில் எந்திரக் கற்றல் முறைகள் கைகொடுத்தன.

ஒரு நிரலை ஓட்டும் முன் தீர்மானிக்க வேண்டியவை பல. வேலையை எத்தனை இழைகளாகப் பிரிப்பது, தரவை எந்த அளவில் துண்டாக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் பல வழிகள். அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் லட்சக்கணக்கில் வரும். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கக் காலமும் இல்லை, காசும் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, சிலவற்றை மட்டும் ஓட்டிப் பார்த்து, அதிலிருந்து கற்றுக்கொண்டு, அடுத்து எதைப் பார்த்தால் நல்ல பலன் வரும் என்று எந்திரமே தேர்ந்தெடுக்கும். டெய்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், அணு உலைக்குள் நியூட்ரான்களின் ஓட்டத்தைக் கணக்கிடும் நிரல், நிலநடுக்க அதிர்வைக் கணக்கிடும் நிரல் போன்றவற்றில் இம்முறையைச் செயல்படுத்திக் காட்டினார்கள். 21 விழுக்காடு வரை மின்சாரம் மிச்சமானது. அதற்கு முன்பே, புற்றுநோய் ஆய்வுக்கான செயற்கை நுண்ணறிவு நிரல்களையும் இதேபோல் அளந்து சீர்செய்யும் பணியில் அவர் ஈடுபட்டார்.

2023-ஆம் ஆண்டின் அந்தச் சோதனைகள் நடந்த இரண்டு கணினிகளில் ஒன்று ஆர்கானில் இருந்த 'தீட்டா'. மற்றொன்று 'சம்மிட்'. அது இருந்த இடம் ஓக் ரிட்ஜ். வில்கின்ஸுக்கு இடமில்லை என்ற அதே ஊர்.

ஒரு நாட்டின் திட்டத்தை எழுதியவர்களில் ஒருவர்

2019 ஜூலை முதல் அக்டோபர் வரை அமெரிக்காவின் தேசிய ஆய்வகங்கள் நான்கு பெரிய கலந்துரையாடல்களை நடத்தின. அறிவியல் ஆராய்ச்சியில் செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்துவது என்பதே பொருள். ஆர்கான், ஓக் ரிட்ஜ், பெர்க்லி, வாஷிங்டன் ஆகிய இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடினார்கள். வேதியியல், உயிரியல், காலநிலை, அணு இயற்பியல், மின் கட்டமைப்பு என்று துறைவாரியாகப் பேசியவை 2020-ல் அறிக்கையாக வந்தன. அதைத் தொகுத்த ஆறு பேரில் ஒருவர் டெய்லர். அடுத்த பத்தாண்டில் எந்தக் கேள்விகளை ஆராய்வது, எதற்குக் கணினி நேரமும் பணமும் ஒதுக்குவது என்ற பேச்சில் அவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது.

அவர் இயக்குநராக வந்த பிரிவுக்கே இதில் பழைய வரலாறு உண்டு. எந்திரத்தைக் கொண்டு கணிதத் தேற்றங்களை நிறுவும் ஆய்வு அங்கே 1960-களிலேயே தொடங்கிவிட்டது. 1930-களில் எழுப்பப்பட்டு, பெரிய கணித மேதைகளும் தீர்க்க முடியாமல் விட்ட 'ராபின்ஸ் சிக்கல்' என்பதை 1996-ல் ஆர்கானின் மென்பொருள் சில நாள் ஓட்டத்தில் தீர்த்தது. அந்த மென்பொருளை எழுதியவர் வில்லியம் மெக்கியூன். அந்த ஆய்வு மரபைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவர் லாரி வாஸ். அவர் பிறவியிலேயே பார்வையற்றவர். 'இவரால் முடியாது' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால், அந்த ஆய்வகம் இழந்திருப்பது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது எந்திரத்திலும் தெரியும்

செயற்கை நுண்ணறிவுக்குச் சாதி இல்லை, நிறம் இல்லை, அது கணக்கு மட்டுமே என்று சொல்பவர்கள் உண்டு. 2018-ல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று பெரிய நிறுவனங்களின் மென்பொருட்களை எடுத்துக்கொண்டார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசின் தேசியத் தரநிலை நிறுவனம் 189 மென்பொருட்களைச் சோதித்தது. அவற்றில் பல, ஆசிய முகங்களையும் கறுப்பின முகங்களையும் வேறொருவர் என்று தவறாக அடையாளம் காட்டியது, வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு அதிகம் என்று அறிவித்தது.

அந்த மென்பொருட்களை எழுதிய கூட்டத்தில் கருநிறப் பெண்கள் போதிய அளவில் இருந்திருந்தால், விற்பனைக்கு வரும் முன்பே யாராவது ஒருவர் 'என் முகத்தை இது சரியாகச் சொல்லவில்லையே' என்று கேட்டிருப்பார். நாளை கடன் கொடுப்பது, வேலைக்கு ஆள் எடுப்பது, நலத்திட்டப் பயனாளியைத் தேர்ந்தெடுப்பது எல்லாவற்றிலும் இந்த எந்திரங்கள் வரும். பெயரையும் ஊரையும் தெருவையும் வைத்துச் சாதியைக் கண்டுபிடிப்பது நம் நாட்டில் மனிதருக்கே எளிது. எந்திரத்துக்கு அது இன்னும் எளிது. அதைச் சோதித்துப் பார்க்கும் இடத்தில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

சேர்த்தால் போதுமா?

டெய்லரின் வாழ்க்கையில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய இன்னொரு பாதி உண்டு. கணினித் துறையில் சிறுபான்மை இனத்தவரையும் மாற்றுத்திறனாளிகளையும் உயர்த்துவதற்காக அமெரிக்காவில் ஒரு மையம் இயங்குகிறது. அதை அவர் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்தினார். இளம் முனைவர்களைக் கூட்டி, பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிப்பது எப்படி, ஆய்வு நிதி கேட்டு எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் பயிலரங்குகளை அந்த மையம் நடத்துகிறது. சேர்த்த மாணவர்களைப் பாதியில் விட்டுவிடாமல் பட்டம் வரை கொண்டுசெல்லும் பல்கலைக்கழகங்களுக்கு விருதும் தருகிறது. எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்பதோடு நிறுத்தாமல், எத்தனை பேரைக் கரையேற்றினீர்கள் என்றும் கேட்கிறது.

இங்கே இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வருகிறது? 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு பதில் தந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,600-க்கும் மேற்பட்டோர் விலகியிருக்கிறார்கள். ஐ.ஐ.டி.களில் மட்டும் பட்டியல் சாதி மாணவர்கள் 1,068 பேர்.

காரணம் கேட்டால் பொதுவான பதில்தான் வருகிறது. வேறு பாடத்துக்கு மாறினார்கள், சொந்தக் காரணம் என்பார்கள். கிராமங்களில் மாலை வகுப்பு நடத்தும் நாங்கள் வேறு பதில்களைக் கேட்கிறோம். தமிழ் வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்குப் போன பையனுக்கு முதல் பருவத்தில் மூன்று அரியர். உதவித்தொகை வர ஒன்றரை ஆண்டு. அதற்குள் கட்டணம் கட்டச் சொல்லி வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறார்கள். விடுதி அறையில் 'நீ என்ன கோட்டா?' என்று கேட்கிறார்கள். வீட்டில் இருப்பது பொத்தான் செல்பேசி. நிரல் எழுதிப் பழக மடிக்கணினி இல்லை. இரண்டாம் ஆண்டில் அவன் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போகிறான். ஊரில் அவனைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: 'அவனுக்குப் படிப்பு ஏறல.'

மீத்திறன் கணினியில் ஒரு நிரல் மெதுவாக ஓடினால், 'இந்த நிரலின் பிறப்பே அப்படி' என்று எந்த விஞ்ஞானியும் சொல்வதில்லை. அளந்து பார்க்கிறார்கள். எந்த இடத்தில் காத்திருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்று தேடுகிறார்கள். கண்டுபிடித்துச் சரிசெய்கிறார்கள். எந்திரத்துக்குக் கிடைக்கும் அந்தப் பொறுமை நம் மாணவருக்குக் கிடைப்பதில்லை. மாணவர் தேங்கினால் தகுதி இல்லை என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. காத்திருக்க வைத்தது உதவித்தொகையா, மொழியா, விடுதியா, ஆசிரியரின் வாயா என்று அளக்க யாரும் இல்லை.

மேகநாத் சாகாவின் பெயர் தாங்கிய இடத்தில்

நம் நாட்டுத் தேசிய ஆய்வகங்களின் கதைக்கு வருவோம். மேகநாத் சாகா 1893-ல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். அவர் சாதி வங்காளத்தில் தாழ்ந்ததாகக் கருதப்பட்டது. கொல்கத்தாவில் படித்தபோது, விடுதியில் தங்களோடு அவர் உட்கார்ந்து சாப்பிடுவதை ஆதிக்கச் சாதி மாணவர்கள் எதிர்த்தார்கள். 1920-ல் அவர் வகுத்த அயனியாக்கச் சமன்பாட்டை வைத்துத்தான் விண்மீன்களின் வெப்பத்தை உலகம் கணிக்கக் கற்றது. அவர் உருவாக்கிய அணு இயற்பியல் நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கிக் கொல்கத்தாவில் நிற்கிறது.

2019-ல் ஒன்றிய அரசு, மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் இட ஒதுக்கீட்டுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 4-ஆம் பிரிவு, சில 'சிறப்புமிக்க' நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அட்டவணையில் பாபா அணு ஆராய்ச்சி மையம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், நம் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் எல்லாம் இருக்கின்றன. சாகாவின் பெயர் தாங்கிய நிறுவனமும் இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒதுக்கப்பட்டவரின் பெயரில் இயங்கும் இடத்துக்கே ஒதுக்கீடு பொருந்தாது. 'சிறப்பு' என்றால் நாம் இல்லாத இடம் என்று பொருளா?

அமெரிக்காவிலும் திறந்த வாசல் திறந்தபடியே இருக்கவில்லை. 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்குத் தடை விதித்தது. 2025 ஜனவரியில் புதிய அதிபர், அரசுத் துறைகளில் பன்மைத்துவத்துக்கான திட்டங்களை நிறுத்த ஆணையிட்டார். ஒரு தலைமுறை போராடிப் பெற்றதை ஒரு கையெழுத்தில் எடுத்துவிட முடியும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம் மாவட்டத்தில் என்ன செய்யலாம்?

இவையெல்லாம் எங்கோ நடப்பவை அல்ல. நம் திருச்சி துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி.யில், தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின் கீழ் 'பரம் பொருள்' என்ற கணினி 2022 முதல் இயங்குகிறது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு, செயற்கை நுண்ணறிவுத் திட்டத்துக்கு 10,300 கோடி ரூபாய்க்கும் மேல் ஒதுக்க ஒப்புதல் தந்தது. நம் வரிப்பணமும் அதில் இருக்கிறது. 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாறியிருக்கும் நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலிருந்து எத்தனை பேர் அந்தக் கணினியைத் தொடும் ஆய்வாளராகப் போவார்கள் என்பதுதான் நம் கவலை.

படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு செய்தி. பொறியியலோ அறிவியலோ முடித்தவுடன் கிடைக்கும் வேலைக்குப் போவது தவறில்லை. வீட்டு நிலைமை அப்படி. ஆனால் ஆய்வுக்கும் வழி இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதி மாணவருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை, நெட் தேர்வு வழியாக ஆண்டுக்கு 2,000 பேருக்கு உண்டு. வெளிநாட்டில் முதுநிலையோ முனைவர் பட்டமோ படிக்க, தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு உண்டு. அதில் 115 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு. நாடு முழுமைக்கும் இது போதாது என்பது வேறு போராட்டம். இருக்கிற இடங்களையாவது விண்ணப்பம் போடாமல் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது நம் எல்லோருக்குமான வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப்போட 10 ரூபாய் போதும். நம் மாவட்டத்தில் உள்ள மத்திய, மாநில உயர்கல்வி நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமும் நான்கு கேள்விகளைக் கேட்கப்போகிறோம். கடந்த ஐந்து ஆண்டுகளில் கணினித் துறையில் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர்? பாதியில் விலகியவர்கள் எந்தப் பருவத்தில், என்ன காரணத்தால் விலகினார்கள்? முனைவர் பட்ட ஆய்விலும் ஆசிரியர் பணியிலும் நம்மவர்கள் எத்தனை பேர்?

பதில்கள் வந்ததும் இந்தப் பகுதியில் ஊரறிய வெளியிடுவோம். எந்தப் பருவத்தில் நம் பிள்ளைகள் அதிகம் விலகுகிறார்கள் என்று தெரிந்தால், மாலை வகுப்பை எங்கே கூட்டுவது, எந்த அலுவலகத்தின் முன் போய் நிற்பது என்று நமக்கும் தெரியும். மனு எழுதத் தெரியாதவர்கள் உங்கள் ஊர்ப் படிப்பகத்தில், கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். அந்தப் பிள்ளையும் கேள்வி கேட்கப் பழகும்.